போர்க்களச் செய்தியாளரின் இடர்களும் பொறுப்புகளும்: மேரி கொல்வினின் பணிவாழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போர் நிகழும் நிலத்திலிருந்து செய்தி தருவோர் பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தின்படி குடிசார் மக்களாகவே கருதப்படுகின்றனர். எனினும் அவர்கள் குறிவைத்துக் கொல்லப்படுவதும், கொன்றவர்கள் தண்டனையின்றித் தப்புவதும் தொடர்கின்றன. இவ்விடர்களின் தன்மையையும், அவற்றோடு இணைந்து எழும் தொழில்சார் பொறுப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வன்னியில் 2001ஆம் ஆண்டு ஒரு கண்ணை இழந்து, 2012ஆம் ஆண்டு சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்ட மேரி கொல்வினின் பணிவாழ்வு இதற்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வெளிநாட்டுச் செய்தியாளருக்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்கும் கிடைக்கும் பாதுகாப்பில் உள்ள வேறுபாடும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போர்ச் செய்தியாளர், ஜெனீவா உடன்படிக்கைகள், குடிசார் மக்கள், உள்ளூர்ச் செய்தியாளர், தண்டனையின்மை, வன்னி, ஹோம்ஸ்.

முன்னுரை

போரில் ஈடுபடும் ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த செய்தியையே வெளியிடும். அவ்வறிக்கைகளுக்கு வெளியே நின்று, நேரில் கண்டதை உரைப்பவர் இல்லையெனில், களத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை வெல்பவரின் கூற்றே முடிவு செய்துவிடும். 1854ஆம் ஆண்டு கிரிமியப் போர்க்களத்திற்கு இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அனுப்பிய வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல், பிரித்தானியப் படைகளின் நிர்வாகச் சீர்கேட்டையும் காயமுற்ற வீரர்களின் அவலநிலையையும் எழுதினார். அவ்வெழுத்துகள் பிரித்தானிய அரசியலில் பெரும் அதிர்வை ஏற்படுத்தின. தற்காலப் போர்ச் செய்தியியலின் தொடக்கம் இங்கிருந்தே பெரும்பாலும் கணிக்கப்படுகிறது. படைத்தலைமைக்கும் செய்தியாளருக்கும் இடையிலான பகையின் தொடக்கமும் அதுவே எனலாம்.

ரஸ்ஸலின் காலத்தில் செய்தி இலண்டனை அடையப் பல நாள்கள் ஆயின. இன்று ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி வழியே அது நொடியில் உலகை அடைகிறது. அதே கருவி செய்தியாளர் இருக்கும் இடத்தையும் எதிரிக்குக் காட்டிக்கொடுக்கக்கூடும். இம்மாற்றம் செய்தியாளரின் இடர்களையும் பொறுப்புகளையும் ஒருசேரப் பெருக்கியுள்ளது.

1. சட்டம் வழங்கும் பாதுகாப்பு

பன்னாட்டு மனிதநேயச் சட்டம் போர்க்களச் செய்தியாளர்களை இரு வகையினராகக் காண்கிறது. ஆயுதப் படையினரின் ஒப்புதலுடன் அவர்களோடு இணைந்து செல்லும் போர்ச் செய்தியாளர் முதல் வகையினர். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 4ஆவது உறுப்பின்படி, இவர்கள் பகைவரிடம் பிடிபட்டால் போர்க்கைதிகளுக்குரிய உரிமைகளைப் பெறுவர். எந்தப் படையோடும் இணையாமல் தம் பொறுப்பில் பணியாற்றுவோர் இரண்டாம் வகையினர். 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 79ஆவது உறுப்பு, ஆயுத மோதல் நிகழும் பகுதிகளில் இடர்மிகு தொழிற்பணியில் ஈடுபடும் செய்தியாளர்கள் குடிசார் மக்களாகவே கருதப்படுவர் என்கிறது. குடிசார் மக்கள் என்ற தகுதிக்கு ஊறு விளைவிக்கும் செயல் எதிலும் அவர்கள் ஈடுபடாதிருத்தல் வேண்டும் என்பது அதற்குரிய நிபந்தனை.

இவ்விதியில் இரு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, சட்டம் செய்தியாளருக்குத் தனிச்சலுகை எதையும் வழங்கவில்லை. ஓர் உழவருக்கோ ஆசிரியருக்கோ உரிய பாதுகாப்பே அவருக்கும் உரியது. இரண்டாவது, இப்பாதுகாப்பு அரசின் அனுமதியைப் பொறுத்து அமைவதன்று. நுழைவு இசைவின்றி ஒரு நாட்டினுள் சென்ற செய்தியாளர் அந்நாட்டின் உள்நாட்டுச் சட்டப்படி குற்றம் புரிந்தவராகலாம். அதனால் அவர் சுடத்தக்க இலக்காகிவிடமாட்டார். உள்நாட்டுப் போர்களுக்கும் இக்கோட்பாடு வழக்காற்றுச் சட்டமாகப் பொருந்தும் எனப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு விளக்குகிறது.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் 2006ஆம் ஆண்டு நிறைவேற்றிய 1738ஆம் தீர்மானமும், 2015ஆம் ஆண்டின் 2222ஆம் தீர்மானமும் இக்கடப்பாட்டை மீண்டும் வலியுறுத்தின. ஆகவே செய்தியாளர்களின் சாவுக்குச் சட்டவிதியின் குறைபாட்டை மட்டும் காரணமாகக் கூறுதல் இயலாது. விதி உள்ளது; அதை மீறுவோரை விசாரிக்கும் விருப்பமே அரசுகளிடம் அரிதாக உள்ளது.

2. வன்னி, 2001: நுழைவதன் விலை

அமெரிக்காவில் பிறந்து, இலண்டன் ‘சண்டே டைம்ஸ்’ இதழில் 1985 முதல் பணியாற்றிய மேரி கொல்வின், போரின் விளைவைக் குடிமக்களின் வாழ்வில் தேடியவர். 1999ஆம் ஆண்டு கிழக்குத் திமோரின் டிலி நகரில், ஐக்கிய நாடுகள் வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ 1,500 பேரை விட்டுப் பெரும்பாலான செய்தியாளர்கள் வெளியேறியபோது, வெளியேற மறுத்து அங்கேயே தங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

2001ஆம் ஆண்டு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குப் பல ஆண்டுகளாக மூடப்பட்டிருந்தது. உணவும் மருந்தும் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் அங்கு வாழ்ந்த மக்களின் நிலையை வெளியுலகம் நேரில் அறிய வழியில்லை. கொல்வின் அரசின் அனுமதியின்றி அங்குச் சென்று செய்தி திரட்டினார். ஏப்ரல் 16ஆம் நாள் இரவு, தமிழ் வழிகாட்டிகளுடன் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பியபோது இலங்கைப் படையினரின் தாக்குதலுக்கு உள்ளானார். தாம் செய்தியாளர் எனக் குரல் எழுப்பிய பின்னரும் எறிகணை ஏவப்பட்டதாக அவர் பதிவு செய்துள்ளார். அத்தாக்குதலில் அவர் இடக்கண்ணின் பார்வையை இழந்தார்.

இந்நிகழ்வு முன்னர்க் கூறிய சட்டச் சிக்கலைத் தெளிவாக்குகிறது. அவர் அனுமதியின்றிச் சென்றார் என்பது உண்மை. இரவில் போர்முனையைக் கடக்கும் குழுவோடு சென்றமையால் அவரை அடையாளம் காண்பது கடினம் என்பதும் உண்மை. ஆயினும் அனுமதி மறுக்கப்பட்டதே அவரை அத்தகைய வழியைத் தேரச் செய்தது. நேர்வழி அடைக்கப்படும்போது செய்தி நின்றுவிடுவதில்லை. மறைவழியில் வரும் செய்தியாளரின் இடர் மட்டுமே மிகுகிறது.

3. உள்ளூர்ச் செய்தியாளர்: திரும்பிச் செல்ல இடமில்லாதவர்

காயமுற்ற கொல்வினுக்கு மருத்துவம் செய்ய நியூயார்க்கில் மருத்துவமனை இருந்தது. அவருக்காகக் குரல் கொடுக்கத் தூதரகமும் இதழ் நிறுவனமும் இருந்தன. அதே போரைத் தம் ஊரிலிருந்து எழுதியவர்களுக்கு இவை இல்லை. பி.பி.சி. தமிழ், சிங்கள சேவைகளுக்கும் ‘வீரகேசரி’க்கும் செய்தி அளித்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அப்போது அங்கு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. ‘தராக்கி’ என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் பணியாளர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். பத்திரிகைச் சுதந்திரத்திற்கான உலக நாளுக்கு முந்தைய நாள் அது. 2009 சனவரி 8 அன்று ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். எதிர்ப்புக்குரல் எழுப்பிய சிங்களச் சமூகத்துச் செய்தியாளரும் தப்பவில்லை என்பதற்கு அக்கொலை சான்று.

உலகளவிலும் பணியின்போது கொல்லப்படும் செய்தியாளர்களில் பெரும்பான்மையினர் உள்ளூரவரே. இவர்களின் இடர் போர்முனையோடு முடிவதில்லை. எழுதிய செய்திக்கு அடியில் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரிய வீடும் குடும்பமும் அதே ஊரில் இருக்கும். வெளிநாட்டுச் செய்தியாளருக்கு மொழிபெயர்ப்பாளராக, வழிகாட்டியாக, வாகன ஓட்டுநராகப் பணியாற்றுவோரின் நிலை இதனினும் நலிந்தது. பல நேரங்களில் அவர்களின் பெயர் செய்தியில் இடம்பெறுவதில்லை. காப்பீடும் அவர்களை எட்டுவதில்லை.

4. சாட்சியற்ற போரும் எல்லை கடந்த பணியும்: 2009

2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐக்கிய நாடுகள் பணியாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறுமாறு பணித்தது. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் அங்கு இடமில்லை. விளைவாக, போரின் இறுதி மாதங்களில் இறந்த குடிமக்களின் எண்ணிக்கை இன்றுவரை பூசலுக்குரியதாக உள்ளது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில், 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீடுகளைக் குறிப்பிட்டது. இலங்கை அரசு அதனை ஏற்கவில்லை. நேரடிச் சாட்சிகள் அகற்றப்பட்ட போரில், இறந்தோரைக் கணக்கிடுதலே அரசியல் வழக்காக மாறிவிடுகிறது. மருத்துவர்கள், பங்குத் தந்தையர், களத்தில் இருந்த குடிமக்கள், படம் பிடித்த படையினர் ஆகியோரின் பதிவுகளிலிருந்தே பின்னாளில் உண்மையைத் தொகுக்க வேண்டியதாயிற்று.

இக்காலத்தில் கொல்வின் இலண்டனிலிருந்து மற்றொரு பங்காற்ற நேர்ந்தது. அவர் 2009 மே 24 அன்று எழுதிய செய்தியின்படி, விடுதலைப் புலிகளின் அரசியல் துறையைச் சேர்ந்த பா. நடேசனும் சீ. புலித்தேவனும் செயற்கைக்கோள் தொலைபேசி வழியே சரணடையும் விருப்பத்தை அவருக்குத் தெரிவித்தனர். அதனை அவர் ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியாருக்கு எட்டச் செய்தார். வெள்ளைக் கொடியை உயர்த்திப் பிடித்து வந்தால் பாதுகாப்பு உண்டு என்ற உறுதி கிடைத்ததாகவும் எழுதினார். மே 18 அன்று அவ்விருவரும் உயிருடன் இல்லை. சரணடைந்தபின் கொல்லப்பட்டனர் என்ற குற்றச்சாட்டை இலங்கை அரசு மறுத்துவந்துள்ளது.

செய்தியாளர் நிகழ்வின் பங்காளியாகக் கூடாது என்பது இதழியலின் அடிப்படை நெறி. தூது சொல்பவர் ஒரு தரப்பின் கருவியாகக் கருதப்படலாம்; அவர்தம் பிற செய்திகளின் நம்பகத்தன்மையும் ஐயத்திற்கு உள்ளாகலாம். எனினும் உயிர் காக்கும் வாய்ப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கும்போது, நெறியைக் காரணம் காட்டி வாளாவிருத்தல் அறமாகாது என்ற வாதமும் வலிமையுடையது. கொல்வின் தாம் ஆற்றிய பங்கை மறைக்காமல், யாரிடம் எதைக் கூறினார் என்பதை வாசகர் முன் வைத்தார். எல்லை கடக்க நேர்ந்த செய்தியாளர் செய்யத்தக்க குறைந்த அளவு கடமை இவ்வெளிப்படைத்தன்மையே ஆகும். அப்பதிவு இல்லையெனில் வெள்ளைக்கொடி நிகழ்வு குறித்த பின்னாளைய விசாரணைகள் ஒரு முக்கியச் சான்றை இழந்திருக்கும்.

5. ஹோம்ஸ், 2012: குரலே இலக்காகும்போது

2012 பிப்ரவரியில் சிரிய அரசுப் படைகள் ஹோம்ஸ் நகரின் பாபா அம்ர் பகுதியை முற்றுகையிட்டுக் குண்டுமழை பொழிந்தன. கொல்வினும் ஒளிப்படக்காரர் பால் கான்ராயும் நீர்வடிகால் சுரங்கம் ஒன்றின் வழியே அங்கு நுழைந்தனர். பிப்ரவரி 21 அன்று இரவு சி.என்.என்., பி.பி.சி., சேனல் 4 ஆகியவற்றுக்கு நேரலையில் பேசிய கொல்வின், குழந்தை ஒன்றின் சாவை விவரித்தார். தாக்கப்படுவோர் ஆயுதக் குழுக்கள் மட்டுமே என்ற அரசின் கூற்றை அவருடைய சாட்சியம் மறுத்தது. மறுநாள் காலை அவர்கள் தங்கியிருந்த தற்காலிக ஊடக மையம் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. கொல்வினும் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் உயிரிழந்தனர். கான்ராய், பிரெஞ்சுச் செய்தியாளர் எடித் பூவியே, சிரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆகியோர் காயமுற்றனர்.

கொல்வின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2019 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபரப்புச் சமிக்ஞைகளின் வழியாகவும் உளவாளியின் தகவல் வழியாகவும் இடத்தைக் கண்டறிந்து, சிரிய அரசு திட்டமிட்டே அம்மையத்தைத் தாக்கியது என நீதிமன்றம் முடிவு செய்தது. 30 கோடி டாலர் தண்டனைசார் இழப்பீட்டையும் அதனுடன் 25 இலட்சம் டாலர் இழப்பீட்டையும் விதித்தது. சிரிய அரசு அவ்வழக்கில் தோன்றவில்லை. செய்தியாளரைக் குறிவைத்துக் கொன்றதற்கு ஓர் அரசைப் பொறுப்பாக்கிய அரிய தீர்ப்பு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

இதே பாபா அம்ரில், கொல்வின் இறப்பதற்கு முந்தைய நாள், ராமி அல்-சையது என்ற சிரியர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். முற்றுகையின் காட்சிகளை இணையத்தில் நேரலையாக வெளியிட்டவர் அவர். உலகத் தொலைக்காட்சிகள் காட்டிய ஹோம்ஸ் காட்சிகளில் பல அவருடையவை. ஒரே இடத்தில், ஒரு நாள் இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு சாவுகளில் ஒன்றற்கு நூலும் திரைப்படமும் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. மற்றொன்றை நினைவுகூர்வோர் மிகச் சிலர். கொல்வினின் பெருமையை இது குறைப்பதன்று. நீதி கிடைக்கும் வழிகள் எத்துணைச் சமமின்றி அமைந்துள்ளன என்பதையே காட்டுகிறது.

6. மனத்தின் காயம்

கனடாவைச் சேர்ந்த உளநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டைனும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, போர்ச் செய்தியாளர் 140 பேரின் மனநலத்தை ஆராய்ந்தது. வாழ்நாளில் பேரதிர்வுக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு ஆளானோர் 28.6 விழுக்காடு என அது கண்டறிந்தது. இது படைவீரர்களிடம் காணப்படும் அளவை ஒத்தது என ஆய்வாளர்கள் கருதினர். படைவீரருக்கு நிறுவனம் சார்ந்த மருத்துவ ஏற்பாடு உண்டு; செய்தியாளருக்கு, குறிப்பாக எந்த நிறுவனத்தையும் சாராத தன்னுரிமைச் செய்தியாளருக்கு, அது பெரும்பாலும் இல்லை. வன்னித் தாக்குதலுக்குப் பின் கொல்வினும் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றார். அச்சத்தை ஒப்புக்கொள்வது தொழில் தகுதிக்குக் குறைவு எனக் கருதும் செய்தியறைப் பண்பாடு இக்காயத்தை மேலும் ஆழப்படுத்துகிறது.

7. பொறுப்புகள்

மேற்கண்டவற்றிலிருந்து போர்க்களச் செய்தியாளரின் பொறுப்புகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ. உண்மைக்கான பொறுப்பு: கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்திக் கூறுதல் முதற்கடமை. 2003ஆம் ஆண்டு ஈராக் போரில் அமெரிக்கப் படையுடன் இணைந்து சென்ற செய்தியாளர்கள் களத்தை அண்மையில் கண்டனர்; ஆயினும் தம்மைக் காத்த படையின் கண்வழியே கண்டனர். எந்த இடத்திலிருந்து, யாருடைய கட்டுப்பாட்டில் இருந்து எழுதப்படுகிறது என்பதை வாசகருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஆ. செய்தி தந்தவருக்கான பொறுப்பு: செய்தியாளர் வெளியேறிய பின்னும் சாட்சி கூறியவர் அங்கேயே வாழ்கிறார். முகம், பெயர், ஊர், குரல் ஆகியவற்றுள் எவற்றை வெளியிடலாம் என்பதை அவருடைய பாதுகாப்பே தீர்மானிக்க வேண்டும். நேரலைக்குப் பயன்படுத்தும் கருவி அடைக்கலம் தந்தவர் வீட்டையும் இலக்காக்கக்கூடும் என்பதை ஹோம்ஸ் உணர்த்துகிறது.

இ. வெறுப்பைப் பரப்பாமைக்கான பொறுப்பு: ருவாண்டாவில் 1994ஆம் ஆண்டு இனப்படுகொலையைத் தூண்டிய வானொலியின் பொறுப்பாளர்களைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு தண்டித்தது. ஊடகம் என்ற பெயர் மட்டுமே பாதுகாப்புக் கவசம் ஆகாது என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

ஈ. நீதிக்கான பொறுப்பு: நீதிமன்றத்தில் செய்தியாளர் சாட்சி சொல்ல வேண்டுமா என்பது சிக்கலான வினா. போஸ்னியாவின் ஓமர்ஸ்கா முகாமை நேரில் கண்ட எட் வல்லியாமி முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான நீதிமன்றத்தில் சாட்சியளித்தார். ஜோனத்தன் ராண்டல் அதே நீதிமன்றத்தின் அழைப்பாணையை எதிர்த்தார். 2002 டிசம்பரில் அவ்வழக்கில் வழங்கப்பட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பு, வழக்கின் மையச் சிக்கலுக்கு நேரடியான, முக்கியமான சான்றாக இருந்து, வேறு வழியில் பெற இயலாதபோது மட்டுமே போர்ச் செய்தியாளரைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. செய்தியாளர் நாளைய அரசுத்தரப்புச் சாட்சி என்ற எண்ணம் பரவினால், களத்தில் அவரிடம் எவரும் பேசமாட்டார். அவர் உயிருக்கும் ஊறு நேரும் என்பதே இதன் அடிப்படை.

உ. நிறுவனத்தின் பொறுப்பு: ஒளிப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ரட்டா நகரில் காயமுற்று, குருதிப்பெருக்கினால் இறந்தார். அருகில் இருந்தவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றும் வாய்ப்பு இருந்திருக்கும் என உணர்ந்த அவர்தம் நண்பர் செபாஸ்டியன் யங்கர், தன்னுரிமைச் செய்தியாளர்களுக்குக் கட்டணமின்றிப் போர்க்கள முதலுதவி கற்பிக்கும் அமைப்பை நிறுவினார். தனி ஒருவர் செய்த இப்பணி உண்மையில் செய்தியை விலைக்கு வாங்கும் நிறுவனங்களின் கடமை. காப்பீடு, காப்புக்கவசம், பயிற்சி, மனநல உதவி ஆகியவை உள்ளூர் உதவியாளருக்கும் சமமாகக் கிடைத்தல் வேண்டும்.

முடிவுரை

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013ஆம் ஆண்டு, நவம்பர் 2ஆம் நாளைச் செய்தியாளர்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டனையின்மையை ஒழிக்கும் நாளாக அறிவித்தது. அதன்பின்னும் நிலை மேம்பட்டதாகக் கூற இயலாது. 2023 அக்டோபரில் தொடங்கிய காசா போர், செய்தியாளர் பாதுகாப்புக் குழு 1992 முதல் தொகுத்துவரும் பதிவுகளில் செய்தியாளர்களுக்கு மிகக் கொடிய போராக இடம்பெற்றுள்ளது. இஸ்ரேல் வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தன் படையின் துணையுடன் அன்றித் தனித்து நுழைய விடாமையால், உலகம் அப்போரைப் பாலத்தீனச் செய்தியாளர்களின் கண்வழியே கண்டது. இறந்தோருள் மிகப் பெரும்பாலோரும் அவர்களே.

வன்னி, ஹோம்ஸ், காசா ஆகிய மூன்று நிலங்களின் அரசியல் வேறு, போரிட்டோர் வேறு. வெளியாரை நுழையவிடாது தடுத்தலும், உள்ளிருந்து உரைப்பவர் உயிரிழத்தலும் மூன்றிலும் காணப்படும் பொதுக்கூறுகள். செய்தியாளரைக் காத்தல் என்பது ஒரு தொழில்பிரிவினருக்குச் சலுகை கோருவதன்று. முற்றுகையிடப்பட்ட மக்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறியும் உரிமையைக் காப்பதாகும். அவ்வுரிமை காக்கப்பட வேண்டுமெனில், கொல்வினின் சாவுக்கு நடந்தது போன்ற விசாரணை நிமலராஜனுக்கும் ராமி அல்-சையதுக்கும் உரியது என்பதை அரசுகளும் ஊடக நிறுவனங்களும் ஏற்றல் வேண்டும். இதழியல் கல்வியும் போர்ச் செய்தியியலை வீரச்செயலாகக் கற்பிப்பதை விடுத்து, சட்டமும் அறமும் தற்காப்பும் இணைந்த துறையாகக் கற்பித்தல் இன்றியமையாதது.